தணிகாசலம் சார் தேர்ந்தெடுத்த டயர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு டெலிபோன் அடித்தபோது நான் பாதி முகம் ஷேவ் செய்திருந்தேன். தணிகாசலம் சாரின் மருமகன் பேசினார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாராம், ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிட்டதாம். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு அத்தை சொன்னாங்க சார்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு வந்து மீதி முகத்தையும் ஷேவ் செய்து முடித்தேன். இருபது வருடச் சிநேகிதர் செத்துப்போன செய்தி கேட்டவனுக்கு முதலில் துக்கம் வரவேண்டும். எனக்கு வந்தது 'அப்பாடா' என்ற ஒரு நிம்மதி. இனிமேல் அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டது. துக்கம் நான் பீர்க்கன்கரணைக்குப் போய், அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இந்த நிமிடம்கூடக் கூச்சமாக இருக்கிறது.

கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அன்று வந்திருந்தீர்கள். வாசலில் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். யாரோ பெருமூச்சு விட்டு, "நம்ம டயர் போயிட்டாரேப்பா" என்றார். இழவு வீடு என்பதையும் மறந்து இரண்டு மூன்று பேர் முகத்தில் சிரிப்பு வந்தது. அன்போடு வந்த சிரிப்புதான், குறை சொல்லவில்லை. சொந்த சைக்கிளுக்குப் பார்த்துப் பார்த்து டயர் வாங்கி, அது வெடித்து, கையை ஒடித்துக்கொண்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம், அவரைப் பற்றி நீங்கள் எழுதுங்கள் என்று அவர் மனைவி மல்லிகா அக்கா என்னிடம் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்த அந்தக் கதை தப்பு. சரியான கதை தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான், அவன் பன்னிரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

குரோம்பேட்டையில் எங்கள் கம்பெனியில் தணிகாசலம் சார் பர்ச்சேஸ் பார்த்தார். நான் ஸ்டோர்ஸ். அவர் வாங்கிப் போடுவார், நான் வாங்கி வைப்பேன். என்னைவிட நாலு வயது பெரியவர். வாங்குவதில் அவருக்கு இருந்த ருசி எனக்குச் சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. வெல்டிங் செய்கிறவர்களுக்குக் கையுறை வாங்க ஒருமுறை நாலு கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கொண்டுவந்தார்கள். சார் ஒவ்வொன்றாகக் கையில் மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். கொதித்துக்கொண்டிருந்த டீச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விசு, எண்ணு" என்றார். நான் எண்ணினேன். மூன்றாவது கையுறையில் பதினொன்று வரைக்கும் எண்ணியபோது "அய்யோ" என்று சட்டியை வைத்தார். அந்தக் கையுறைதான் இருப்பதிலேயே மினுமினுப்பானது. கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போனது. சார் உள்ளங்கையை ஊதிக்கொண்டே அவரைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, பாக்க நல்லா இருக்கு. மாட்டிக்கப்போறது நான் இல்லையே" என்றார். அவர் வாங்கிப் போட்ட பொருளைத் திருப்பி அனுப்பியதாக என் ஸ்டோர்ஸ் புத்தகத்தில் அநேகமாகப் பதிவே கிடையாது.

எண்பதுகளின் நடுவில் தாம்பரம் ரயில்வே காலனியிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா கிளம்பியது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றார்கள். மற்றவர்கள் கட்டில், அலமாரி என்று பார்த்துக்கொண்டிருக்க, சார் பின்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு சைக்கிளின் அடியில் போய் நின்றுவிட்டார். இங்கிலாந்தில் செய்த பழைய ரேஸ் சைக்கிள். ஹேண்டில் பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும், சக்கரம் ஒல்லி, கேரியர் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. எங்கள் ஊரில் இதை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை ஏற்ற முடியாது, பெண்டாட்டியை உட்காரவைக்கவும் முடியாது. நான் அதைச் சொன்னேன். "ரெண்டுக்கும் பஸ் இருக்கு" என்றார். டயர் இரண்டும் மக்கி ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் அதைச் சுரண்டி எடுத்தபோது, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு கெடாமல் கிடைத்தது. தரையில் படுகிற நடுப்பகுதி கறுப்பு, இரண்டு பக்கமும் வெல்லப்பாகு மாதிரி பழுப்பு. அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பர்ச்சேஸ்காரர் இல்லையா, சாம்பிள் இல்லாமல் கடைக்குப் போகமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மின்சார ரயில் பிடித்துப் பாரிமுனைப் பக்கம் போனோம். நம் ஊர் வண்டிகளுக்கு விற்கும் டயர் அந்த ஒல்லிச் சக்கரத்துக்குச் சேராது. மூன்று கடையில் கையை விரித்தார்கள். நாலாவது கடையில் அந்த அளவில் இரண்டு தினுசு இருந்தது. ஒன்று முழுக் கறுப்பு, தடிமன். இன்னொன்று நடுவில் கறுப்பும் பக்கங்களில் பழுப்புமாக, சார் பையில் இருந்த துண்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ததில் மிச்சம் என்றார் கடைக்காரர். சார் அதை வாங்கி முகர்ந்தார். நகத்தால் அழுத்தினார். பக்கத்தை மடக்கி, மெல்லிய ரப்பருக்கு அடியில் தெரிந்த நூல் எங்கேயாவது பிரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் முகர்ந்தார்.

"இன்னா சார், இம்மா நேரமா மோந்துகினு கீறே. டயரா, மல்லிப்பூவா?" என்றார் கடைக்காரர்.

"பழசானா வாடை மாறிடும்ங்க. இது புதுசுதான்."

"புதுசுதான், யாரு இல்லன்னா? ஆனா நான் சொல்றத கேளு சார். கறுப்பு எத்துகினு போ. மாடு மாதிரி ஒழைக்கும். இது ஷோக்கு. ஜிஎஸ்டி ரோட்ல வுட்டீன்னா பேஜாரா பூடும்."

நானும் கறுப்பையே எடுக்கச் சொன்னேன். எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பசிக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். சார் பழுப்பு ஜோடியைத் தோளில் மாட்டிக்கொண்டார். ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் வைத்த டயரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வண்டி பழசு விசு. அதுக்குக் கறுப்பு மாட்டினா வேட்டி கட்டினவனுக்கு பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கும். அதுக்காக ஷோக்குக்கு மட்டும் எடுத்தேன்னு நெனைக்காதே. இதுல நூல் நெருக்கமா இருக்கு. அழகு ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம்னு யார் பிரிச்சு வெச்சது? தேடினா ரெண்டும் ஒண்ணாவே கிடைக்கும்." எதிர் சீட்டில் இருந்தவர் அதைக் கேட்டுவிட்டு, அது எந்த வண்டி டயர் என்று விசாரித்தார். சார் மாம்பலம் தாண்டும்வரை அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு ஆறு மாதம் அந்த வண்டி அவரை ராஜா மாதிரி சுமந்தது. பீர்க்கன்கரணையிலிருந்து குரோம்பேட்டைக்கு, ஜிஎஸ்டி ரோடு என்கிற அந்தத் திருச்சி நெடுஞ்சாலையில்தான் தினமும் வந்து போவார். என் வீடு இரும்புலியூரில், ரோட்டை ஒட்டினாற்போல. பல நாள் நானும் என் பழைய கறுப்பு வண்டியில் சேர்ந்துகொள்வேன். பள்ளம், ஜல்லி, மழை எல்லாவற்றையும் அந்த டயர் தாங்கியது. கீறல்கூட விழவில்லை. நான் முக்கி முனகி மிதிக்கும்போது அவர் பேசிக்கொண்டே முன்னால் போவார். எனக்குப் பொறாமை என்று அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். பொறாமைதான்.

அந்த வருடம் பூஜை விடுமுறைக்கு என் மனைவியின் தம்பிகள் இரண்டு பேர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள். மச்சான்கள் முன்னால் கொஞ்சம் பந்தா காட்டவேண்டும் என்று ஆசை. நாலு நாளைக்கு வண்டியைக் கேட்டேன். சார் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, "ஆயுத பூஜைக்குத் துடைப்பே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. டயர்ல எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் படக் கூடாது. ஈரத்துணி போதும்" என்றார். நான் சரி என்றேன். அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்த தப்பு என்று எழுதிவிட்டுப் போக எனக்கு வழியில்லை.

மறுநாளே, மச்சான்கள் என் பழைய வண்டியில் டபுள்ஸ் வர, வண்டலூர் வரைக்கும் போனேன். பெருங்களத்தூர் தாண்டி ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுத் தார். சுற்றிப் போகச் சொல்லி சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மச்சான்கள் பின்னால் வருகிற மிதப்பில் நான் நேராக விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பழுப்பு முழுக்கக் கறுப்புத் திட்டு. முன் டயரில் இருந்தது சோப்புத் தண்ணீருக்குப் போய்விட்டது. பின் டயரில் அப்பியிருந்த தார் அசையவில்லை. இதை இப்படியே எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு வியர்த்துவிட்டது. 'தெரியாம தார்ல ஏத்திட்டேன் சார்' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் திட்டுகிற ஆளே இல்லை.

ஆயுத பூஜைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காத சைக்கிள் எங்கள் பக்கத்தில் கிடையாது. செயின், ரிம், டயர் என்று பார்க்காமல் ஒரே துணியால் துடைப்போம். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். என் வண்டிக்கு வருடா வருடம் அதைத்தான் செய்தேன், அந்தத் தடித்த ரப்பருக்கு ஒன்றும் ஆனதில்லை. அந்தத் தைரியத்தில் பழைய வேட்டியைக் கிழித்து மண்ணெண்ணெயில் முக்கி, பின் டயரின் இரண்டு பக்கமும் சுற்றிக் கட்டினேன். காலையில் கட்டியதை சாயங்காலம்தான் அவிழ்த்தேன். தார் கரைந்து வந்துவிட்டது. ரப்பர் வெளுத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. அதை மறைக்கத் தேங்காய் எண்ணெயைப் பூசினேன். பழுப்பு முன்பைவிட நன்றாக மின்னியது.

விடுமுறை முடிந்து வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். ஹேண்டில் பாரில் சாமந்தி மாலை, சீட்டில் சந்தனப் பொட்டு. சார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே திரும்பி, "மல்லிகா, இங்க வந்து பாரு, என்னைவிட விசு நல்லா வெச்சிருக்கான்" என்று கூப்பிட்டார். அக்கா காபி கொடுத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

தீபாவளி முடிந்து நாலாவது நாள் அது வெடித்தது. எங்கள் இரும்புலியூரிலேயே, ரோடு சரிவாக இறங்குகிற இடத்தில். பின் டயரின் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. சார் வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். பின்னால் லாரி எதுவும் வரவில்லை என்பது அவர் அதிர்ஷ்டமா என் அதிர்ஷ்டமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர்கள் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன.

மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மடியில் அந்த டயர். வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, இடது கையால் டயரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இங்க பாரு விசு. பக்கம் முழுக்க ஊறி உப்பியிருக்கு. நூலை விட்டு ரப்பர் தனியா வருது. வாங்கும்போதே இது இருந்திருக்கணும். எப்படி என் கண்ணுல படாம போச்சு?"

எனக்கு அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. ஊறியது எதில், எத்தனை மணி நேரம் என்பது எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்தானே சார். அப்படித்தான் இருக்கும்."

"மிச்சம்னுதானே சொன்னார்? ரிஜெக்ட்னு சொல்லலையே."

"விக்கறதுக்கு மிச்சம்னு சொல்லுவான். கடைக்காரனே வேணாம்னு சொன்னான், நானும் சொன்னேன். நீங்கதான் கேக்கலை."

சார் டயரை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். "ஆமா, நீ சொன்னே" என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கோழை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் பழியைத் தூக்கி, கை ஒடிந்து உட்கார்ந்திருந்த மனிதர் மடியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கம்பெனியில் எல்லாரும் என்னிடம்தான் விசாரித்தீர்கள். ஒரு பொய் சொன்னவனுக்கு அதைச் சுற்றி வேலி போடவேண்டியிருக்கிறது. கடையில் அவர் முகர்ந்து பார்த்ததை நடித்துக் காட்டினேன். மல்லிப்பூ கதையைச் சொன்னேன். கேன்டீனில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இரண்டு நாள் கழித்து, "டயர் சார் எப்ப வராராம்?" என்று கேட்டது என் வாய்தான். அந்தப் பெயர் அப்படித்தான் பிறந்தது. யார் முதலில் சொன்னது என்று பிற்பாடு எல்லாரும் மறந்துவிட்டீர்கள், எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

அவர் லீவில் இருந்த இரண்டு மாதம் பர்ச்சேஸை நான் சேர்த்துப் பார்த்தேன். அவர் திரும்பி வந்த அன்று மேனேஜர் கூப்பிட்டு, கை முழுசாகச் சரியாகிறவரைக்கும் டெஸ்பாட்ச் பார்க்கச் சொன்னார். சொல்லும்போது சிரித்துக்கொண்டே, "சொந்த சைக்கிளுக்கே டயர் பாக்கத் தெரியலையேய்யா" என்று ஒரு வார்த்தை விட்டார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். சார் டெஸ்பாட்ச் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். கை சரியானது, டெஸ்பாட்ச் மாறவில்லை. ரிட்டயர் ஆகிறவரை லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அதில் உட்கார்ந்து நான் திருப்பி அனுப்பிய சரக்குக்கும், திருப்பி அனுப்பாமல் விட்ட சரக்குக்கும் அளவே இல்லை. பின்னால் ஸ்டோர்ஸ் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவருக்கு என் மேல் வருத்தம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ என்னை நம்ப ஆரம்பித்துவிட்டார். கறுப்பு டயர் போடச் சொன்னவன் இல்லையா நான். குக்கர் வாங்குவதா, சீலிங் ஃபேன் வாங்குவதா, எதுவானாலும் என் மேஜைக்கு வந்து நிற்பார். "நீ பாத்துச் சொல்லு. என் கண்ணு நம்பற கண்ணு இல்லை" என்பார். மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் எடுக்கக்கூட என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கை மெல்லிய தங்க நிற ஃபிரேம் ஒன்றின் பக்கம் போனது. தொட்டுப் பார்த்தார். பிறகு கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஏதோ நினைப்பில் தடித்த கறுப்பு ஒன்றைக் காட்டினேன். அவர் சின்ன முகத்துக்கு அது ஜன்னல் மாதிரி இருந்தது. அதைத்தான் கடைசிவரை போட்டுக்கொண்டிருந்தார்.

சொல்வதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது, வரவில்லை என்று சொல்லக் கூடாது. வெடித்தது பின் டயர் மட்டும். முன் டயர் கெட்டியாக, கீறல் இல்லாமல் இருந்தது. அதையும் கழற்றிவிட்டு இரண்டுக்கும் கறுப்பு போட்டார். கழற்றின அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ரெண்டும் ஒரே லாட், ஒரே நாள் வாங்கினது. இது மட்டும் எப்படி நல்லா இருக்கு விசு?" அவர் பர்ச்சேஸ் மூளை அந்த ஒரு நிமிடம் விழித்துக்கொண்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது, "லக் சார்" என்ற இரண்டு வார்த்தை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் காலமான நாலாம் நாள் மல்லிகா அக்கா வரச்சொன்னார். பாயில் பழைய போட்டோக்களைப் பரப்பி வைத்திருந்தார். மலரின் அட்டைக்கு ஒன்று வேண்டும். "அவர் இருந்தா உங்களைத்தான் கேட்டிருப்பார். நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்.

நான் ஒன்றை எடுத்தேன், கீழே வைத்தேன். "அக்கா, எனக்கு எடுக்கிற யோக்கியதை கிடையாது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தார், வேட்டித் துணி, மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி, கேன்டீன். தடங்கலில்லாமல் வந்தது. பன்னிரண்டு வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது. முடித்ததும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆஸ்பத்திரில அவர் கேட்டப்போ, இது மண்ணெண்ணெயாலதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

அக்கா போட்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடிக்கிறவரை என்னைப் பார்க்கவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம் விசு. அவர் ஆசையா ஒரு அரக்கு கலரை எடுத்து விரிச்சார். நல்லாத்தான் இருந்தது. கடைல சம்பந்தி வீட்டுக்காரங்க, எல்லாரும் இருக்காங்க. 'நீங்க சும்மா உக்காருங்க, டயர் எடுத்த லட்சணம் போதும்'னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுகிட்டே வெளில போய் நின்னுட்டார். நாங்க எடுத்து முடிக்கிறவரைக்கும் உள்ள வரலை. அதை இப்போ நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

என் பொய் என்னோடும் அவரோடும் நின்றதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் வீட்டுக்குள் போய், அவர் பெண்டாட்டி வாயிலிருந்தும் பேசியிருக்கிறது.

நான் எழுந்தேன். வாசல்வரை வந்த அக்கா, "இதையே எழுதுங்க. நல்லதா நாலு வார்த்தை யார் வேணா எழுதுவாங்க" என்றார். செருப்பை மாட்டும்போது, கோபமே இல்லாத குரலில் இன்னும் ஒன்று சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, கை கட்டோடயே ரயில் ஏறிப் போய் அதே டயர்ல இன்னொரு ஜோடி வாங்கிட்டு வந்திருப்பார். அவ்ளோதான் நடந்திருக்கும்."

தணிகாசலம் சாரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை மூன்று. அவருடைய நாற்காலி, அதில் நான் பத்து வருடம் உட்கார்ந்தேன். அவருடைய நம்பிக்கை, அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. மூன்றாவது, தன் கண்ணால் பார்த்து, தன் கையால் ஒன்றை எடுப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம். அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேனே தவிர, எனக்கும் அது வரவில்லை. ஒன்றையும் திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை. ஆனால் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. பதினாறாம் நாள் பந்தியில் உட்காரும்போது உங்களில் யாராவது பழக்கதோஷத்தில் அவரை அந்தப் பெயரால் சொல்வீர்கள். அப்போது பக்கத்தில் இருக்கிறவர் தயவுசெய்து இதைச் சொல்லவேண்டும்: அவர் எடுத்த டயர் நல்ல டயர். அதைக் கெடுத்தவன் இரும்புலியூர் விசுவநாதன், அவன் அந்த ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.